மூலம் எப்போதும் நாத்தனாருக்குத்தான்

துபாஷி வேலையில் ஒரு சங்கடம் உண்டு: ஊரார் வலியெல்லாம் நம் வாய் வழியாகத்தான் வெளியே வரவேண்டும்.

வில்லியனூர் தர்ம ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் இரண்டு நாள் பட்டணத்திலிருந்து ரயிலில் வெள்ளைக்கார டாக்டர் வருகிறார். அவருக்குத் தமிழில் ‘வாயைத் திற’, ‘வலி’, ‘போ’ இவைதான் தெரியும். கம்பவுண்டருக்குப் பிரெஞ்சு வரும்; ஆனால் ஆண்பிள்ளை. பெண்கள் அவரிடம் தலைவலி, ஜுரம் வரைக்கும் சொல்வார்கள். இடுப்புக்குக் கீழே உள்ள எந்த நோயும் அவர் காதுக்குப் போகாது. அதனால் ஊர் நிர்வாகம் பார்க்கும் மேர் ஆபீசில் பெண் துபாஷி ஒருத்தியைத் தேடினார்கள். பட்டணத்தில் கன்னியாஸ்திரீகளின் கன்னிமார் பள்ளிக்கூடத்தில் படித்தவள், ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவரின் மனைவி, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் மாமியார் உண்டு என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். கன்னிமார் கற்றுக்கொடுத்த பிரெஞ்சு ஜெபத்துக்கும் பூத்தையலுக்கும் உதவும். ஆசனவாய்க்கு என்ன வார்த்தை என்று அவர்கள் சொல்லித்தரவில்லை. டாக்டர்தான் சொல்லித்தந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு திருப்பிச் சொன்னேன்.

இதைப் படிக்கிறவர்களில் நாற்காலி நுனியில் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வெட்கப்படாதீர்கள். குழந்தை தூங்கிய பிறகு விளக்கடியில் உட்கார்ந்து நானும் அப்படித்தான் எழுதுகிறேன். பிரசவமானதிலிருந்து எனக்கு ரத்தம் போகிறது. என் அப்பாவுக்கும் போனது. சர்க்கார் கச்சேரியில் எழுத்தராக இருந்தவர். கடைசிக் காலத்தில் தன் வேட்டியைத் தானே துவைத்துக்கொள்வார், யாரையும் தொட விடமாட்டார். சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போய்ச் செத்தார். மடியில் கிடக்கும் என் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு பயம் வரும். இவளை விட்டுவிட்டு நானும் அப்படிப் போய்விடுவேனோ? போகும்போது இவளுக்கும் இதைக் கொடுத்துவிட்டுப் போவேனோ?

அடுத்தவர் நோயையெல்லாம் இரண்டு பாஷையில் சொல்லத் தெரிந்த எனக்கு, என் நோயை ஒரு பாஷையிலும் சொல்ல வாய் வரவில்லை.

நாத்தனாரின் வலி

ஆஸ்பத்திரியில் டாக்டரின் மேஜைக்கும் பெண்கள் நிற்கும் இடத்துக்கும் நடுவே கயிற்றில் ஒரு பழைய விரிப்பு தொங்கும். அதுதான் திரை. திரை முடியும் இடத்தில் எனக்கு ஒரு முக்காலி. இந்தப் பக்கம் திரும்பினால் டாக்டர், அந்தப் பக்கம் திரும்பினால் நோயாளி. திரை தரை வரைக்கும் வராது. அதனால் டாக்டருக்கு நோயாளியின் பாதங்கள் மட்டும் தெரியும். நாள்பட அவர் பாதத்தைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லக் கற்றுக்கொண்டார்.

மூலத்துக்கு முதன்முதலாக வந்தவள் சோரியாங்குப்பத்துக்காரி. அவ்வளவு தூரம் வண்டி கட்டிக்கொண்டு வந்ததற்குக் காரணம், அவள் ஊர் இருக்கும் பாகூர்ப் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பது. நோய் அவளுக்கு இல்லையாம், நாத்தனாருக்காம். ரத்தம் எந்த நிறம், வெளியே தள்ளுகிறதா, உள்ளே போகிறதா என்று டாக்டர் கேட்கக் கேட்க, நாத்தனாரின் உள்விவகாரம் அத்தனையையும் ஒன்று விடாமல் சொன்னாள். எனக்கே ஆச்சரியம். எந்த அண்ணி நாத்தனாரை இத்தனை கவனமாகப் பார்த்துக்கொள்கிறாள்? கேள்விகள் நீண்டுகொண்டே போகவும், பாவம், தூரத்திலிருந்து வந்தவள் என்று பக்கத்திலிருந்த பலகையைக் காட்டி உட்காரச் சொன்னேன். அவள் பலகையை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஒக்காரச் சொல்லாதம்மா, எங்க நாத்தனாருக்கு வலிக்கும்.”

அத்தா விட்டுப்போன மெத்தை

ஒரு நாள் கம்பவுண்டர் கிராமங்களுக்கு அம்மை குத்தப் போயிருந்தார். அன்றைக்குப் பார்த்துக் கடைத்தெரு மளிகைக்கடை பாய் வந்து சேர்ந்தார். பெண்பிள்ளை நான் நடுவில் இருக்கிறேன் என்று தெரிந்ததும், திரும்பிப் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார். கடைசியில் அவரே திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அந்தத் திரைக்குப் பின்னால் நின்ற ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான். முக்காட்டுக்குப் பதில் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டதையும் சொல்ல வேண்டும்.

“இது எங்க வமுசத்துச் சொத்தும்மா. எங்க அத்தாவுக்கு இருந்துச்சு. அத்தாவோட அத்தாவுக்கும் இருந்துச்சு. கடை வந்த மாதிரி இதுவும் வந்துச்சு” என்றார். நான் தெரிந்துகொள்ள நினைத்ததை இவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே பிரெஞ்சில் சொன்னேன். டாக்டர் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். தம்பி ஒருவர் உண்டு. துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்து விற்கிறவர். அவருக்கு இந்தத் தொந்தரவு கிடையாது. அதே அத்தா, அதே அம்மா. கடையில் எப்படி உட்காருவீர்கள் என்றார் டாக்டர். விடியற்காலையில் ஏறினால் கடை கட்டுகிற வரைக்கும் கல்லாவை விட்டு இறங்குவதில்லையாம். சாப்பாடுகூட அங்கேயே. எதன்மேல்? தகப்பனார் உட்கார்ந்த அதே மெத்தையின்மேல். அது நடுவில் குழிந்து, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராதாம்.

வம்சத்து ரத்தத்துக்கு இதில் பங்கே இல்லை என்று டாக்டர் சொல்லவில்லை. சிலருக்கு அந்த இடத்து ரத்தக்குழாய்கள் பிறவியிலேயே கொஞ்சம் தளர்வாக இருக்கலாம், அது தகப்பன் வழியாக வரலாம் என்றார். ஆனால் தளர்ந்ததை நாள் முழுக்க உட்கார்ந்து அழுத்துவதும், முக்கி முக்கி வெளியே தள்ளுவதும் அவரவர் வேலை என்றார். நான் தமிழில் சொல்லி முடித்ததும் பாய் தலையில் கிடந்த துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அப்போ தம்பிக்கு மூட்டையும் எனக்கு மெத்தையும்னு பாகம் பிரிச்சப்பவே அத்தா என்னைக் கவுத்துட்டாருன்னு சொல்லும்மா!”

ஏம்பலத்துச் சம்பந்தம்

ஏம்பலத்திலிருந்து கரும்பு போடும் குடும்பம் ஒன்று வந்தது. மனைவி திரைக்குப் பின்னால். கணவர் ஜன்னலுக்கு வெளியே, காது மட்டும் உள்ளே. நோய்க்காக வரவில்லை, நியாயம் கேட்க வந்திருந்தார்கள். மகனுக்குப் பெண் பார்த்து எல்லாம் கூடி வந்த நேரத்தில், பெண்ணின் தகப்பனுக்கு மூலம் என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணைக் கட்டினால் பேரப்பிள்ளைகளுக்கும் வருமா? டாக்டர் சொன்னால் நிச்சயத்தை நிறுத்திவிடலாம்.

அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. ஆனால் என் பெண்ணே வளர்ந்து நிற்பது மாதிரி இருந்தது எனக்கு. நாளைக்கு இவளைப் பார்க்க வருகிறவர்களும், உன் அம்மாவுக்கு இருந்ததாமே, உன் அம்மாவின் அப்பாவுக்கும் இருந்ததாமே என்று கேட்பார்கள்தானே? கேள்வியைப் பிரெஞ்சில் சொன்னேன். டாக்டர் நிதானமாக, பிள்ளை வீட்டில் யாருக்காவது உண்டா என்று திருப்பிக் கேட்டார்.

“இவருக்கு இருக்குது. இவரு அண்ணனுக்கு இருக்குது. எங்க மாமனாருக்கு அறுத்துக் கட்டியே வுட்டாங்க” என்றாள் அந்த அம்மாள் பட்டென்று.

ஜன்னலுக்கு வெளியே இருந்து ஒரு கத்தல்: “அடியே! அது மூலம் இல்லடி, சூடு! வெல்லம் காய்ச்சற அடுப்புல நாள் பூரா நிக்கறோம், சூடு ஏறுது!”

திரைக்குப் பின்னால் இருந்தவள் என் பக்கமாக எட்டிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

“கேட்டியாம்மா, எங்க வூட்டுக்கு வந்தா அது சூடு, பொண்ணு வூட்டுக்கு வந்தா வமுசம்!”

மறைவு

நடவு முடிந்ததும் கழனி வேலைக்குப் போகும் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்தாற்போல் வந்தார்கள். வழக்கப்படி நோய் அவர்களில் ஒருத்திக்கும் இல்லை, வராதவள் ஒருத்திக்கு. டாக்டர் முறைப்படி சொன்னார்: நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், கீரை சாப்பிட வேண்டும், வயிறு எப்போது சொல்கிறதோ அப்போது உடனே போக வேண்டும், அடக்கக் கூடாது.

அந்தக் கடைசி வார்த்தையைத் தமிழில் சொன்னதும் திரைக்குப் பின்னால் ஒரே சிரிப்பு. டாக்டர் என்னைப் பார்த்தார். என்ன வேடிக்கை என்று நான்தான் விளக்க வேண்டியதாயிற்று. இவர்கள் ஒதுங்கப் போவது விடியாத கருக்கலில் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை. நடுவில் பகல் முழுவதும் திறந்த வெளி. போகும்படி ஆகிவிடக்கூடாது என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதில்லை. குடிக்காததால் இறுகிப்போகிறது. இறுகியதை அவசர அவசரமாக, யாராவது வருகிறார்களா என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே முக்குகிறார்கள். தாயும் அப்படி, மகளும் அப்படி, மருமகளும் அப்படி. சொல்லிக்கொண்டு வரும்போதே உறைத்தது. ஆஸ்பத்திரிக்கு வரும் நாட்களில் நானும் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. இங்கே பெண்களுக்கென்று ஒதுங்க இடமில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இது தனக்குத் தெரியாது என்றார். நல்ல மனுஷர். ஆனாலும் மறுபடியும், முடிந்தவரை அடக்காதீர்கள் என்றே சொல்லச் சொன்னார். சொன்னேன். கூட்டத்தில் மூத்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“நெனச்சப்ப போங்கறாரே தொரை, அவுரு போறப்ப சுத்தியும் செவுரு நிக்குது, எங்களுக்கு எது நிக்குதுன்னு கேளு!”

காலில்லாத நோயாளி

ஒரு நாள் கூட்டம் சீக்கிரமே கலைந்துவிட்டது. கம்பவுண்டர் வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். டாக்டர் ரயிலுக்குப் பையை மூடப்போனார். எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, “முசே, இன்னும் ஒருத்தி இருக்கிறாள்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். “சொல்லுங்கள்” என்றார்.

சொன்னேன். கைக்குழந்தைக்காரி, பிரசவத்திலிருந்து ரத்தம், அவள் அப்பாவுக்கும் இருந்தது. ரத்தம் சிவப்பா கறுப்பா என்று கேட்டார். நான் திரைப்பக்கம் திரும்பி, வெறும் சுவரிடம், “சிவப்பா, கறுப்பாம்மா?” என்று தமிழில் கேட்டேன். பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தேன். திரும்பி, “நல்ல சிவப்பு” என்றேன். உடம்பு இளைத்ததா? மறுபடி சுவர். “இல்லையாம்.” என்ன சாப்பிடுகிறாள்? பத்தியம், கருவாட்டுக் குழம்பு, சுட்ட பூண்டு, மிளகு. கீரையும் இல்லை, பழமும் இல்லை. தண்ணீர்? மாமியார் அளந்துதான் கொடுப்பார்கள். தாய் தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்குமாம். பால் கொடுக்கிறவளுக்கா அளந்து என்று டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிள்ளையைச் சுமந்த பாரமே அந்தக் குழாய்களை அழுத்தி வீங்க வைக்கும், பிரசவத்தில் முக்கியது இன்னும் கொஞ்சம், அதற்குமேல் இந்த வறட்டுச் சாப்பாடு என்றால் வராமல் என்ன செய்யும் என்றார்.

அவள் அப்பாவை யாராவது டாக்டர் பார்த்தாரா என்று கேட்டார். நான் சுவரிடம் கேட்கவில்லை. “இல்லை, அவர் யாருக்கும் காட்டவில்லை” என்றேன். அப்படியானால் அவருக்கு இருந்தது மூலம்தானா, வேறு ஏதாவதா என்று யாருக்கும் தெரியாது என்றார். ரத்தம் போனால் மூலம்தான் என்று தாங்களே முடிவு கட்டிக்கொண்டு சும்மா இருப்பது பெரிய தப்பு. கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். கடைசியாக நான் கேட்க வந்ததைக் கேட்டேன். அவள் பெண்ணுக்கும் வருமா?

உடம்பு வாகு கொஞ்சம் வரலாம், இல்லையென்று தான் சொல்லப்போவதில்லை என்றார். ஆனால் அம்மாவைப் பார்த்துத்தான் பெண் தண்ணீர் குடிக்கவும் அடக்கவும் மறைக்கவும் கற்றுக்கொள்வாள். அதில் எதைக் கொடுப்பது என்பது அம்மா கையில் இருக்கிறது என்றார். பட்டணத்துப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வைத்தியம் பார்க்கும் ஒரு மதாம் வியாழக்கிழமை வருகிறார், பெண்களைத் தனி அறையில் வைத்துப் பார்ப்பார், அவளை வரச்சொல்லுங்கள் என்றார். பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர், திரைக்குக் கீழே வெறுந்தரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“அன்றைக்காவது அவள் தன் கால்களையும் கூட்டிக்கொண்டு வரட்டும், மதாம்.”

மீசை முளைத்த குழந்தை

போவதா வேண்டாமா என்று எனக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. போவதென்றால் அத்தையிடம் சொல்ல வேண்டும். அத்தை என்றால் என் மாமியார். கெட்டவர்கள் இல்லை, ஆனால் சொன்னால், உங்க அப்பன் வழியா வந்ததா என்று ஒரே கேள்வியில் என் குடும்பத்தையே மூட்டை கட்டிவிடுவார்கள்.

இப்படி இருக்கும்போது, ஆஸ்பத்திரியில் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்கள். திரைக்குப் பின்னால் முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு ஓர் அம்மாள் வந்து நின்றார். குரலைக் கீச்சென்று மாற்றிக்கொண்டு, “எங்க மருமவளுக்கு மூலம்” என்றார். நான் கீழே பார்த்தேன். இடது பெருவிரலில் அம்மிக்குழவி விழுந்து கறுத்த நகம். தினமும் நான் எண்ணெய் தடவிவிடும் கால். போதாததற்கு, இடுப்பில் இருந்த குழந்தை என் குரலைக் கேட்டுவிட்டுத் திரையைத் தாண்டிக் கையை நீட்டி என் முந்தானையைப் பிடித்து இழுத்தது.

எனக்குத் தெரிந்துவிட்டது. என் துணியில் கறையைப் பார்த்திருக்கிறார்கள். ஊரறியச் சொல்ல இங்கேயே வந்துவிட்டார்கள். காதெல்லாம் கொதிக்க, “இந்த அம்மாளின் மருமகளுக்கு மூலமாம்” என்று பிரெஞ்சில் சொன்னேன். டாக்டர் குழந்தையின் கையைப் பார்த்தார், திரைக்குக் கீழே அந்தக் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எப்போதிலிருந்து என்று கேட்கச் சொன்னார்.

“புள்ள பொறந்ததுலேந்து.”

போச்சு, என்று நினைத்தேன். அந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன வயது என்றார் டாக்டர்.

“அதுக்கு இன்னா, மீசை மொளச்சி, உத்தியோகத்துக்குப் போவுது. கல்யாணமும் பண்ணி வெச்சாச்சு.”

இதைப் பிரெஞ்சில் சொல்வதற்குள் நான் பட்ட பாடு! மீசை முளைத்த அந்தக் குழந்தை அப்போது ஸ்டேஷனில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. பிரசவத்தின்போது அவளுக்கு என்ன சாப்பாடு போட்டார்கள் என்று மட்டும் கேட்டார். அத்தை வரிசையாகச் சொன்னார்கள்: கருவாட்டுக் குழம்பு, சுட்ட பூண்டு, மிளகு, அளந்த தண்ணீர். அவர்களுடைய மாமியார் வைத்த பத்தியம், நடுவில் ஒரு கீரைகூடச் சேர்க்காமல் என் தட்டு வரைக்கும் வந்திருக்கிறது.

முக்காலியை விட்டு எழுந்தேன். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாகத் திரைக்கு அந்தப் பக்கம் போனேன். “உட்காருங்கள் அத்தை” என்றேன். அத்தை முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, “வேணாம்டி, ஒக்காந்தா அவளுக்கு…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்கள்.

“எனக்கும்தான் அத்தை. குழந்தை பிறந்ததிலிருந்து.”

அத்தை முக்காட்டை விலக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். கோபம் வருமென்று நினைத்தேன். வந்தது வேறு.

“சேசுவே! நீ எம் வயித்துல பொறக்கலியேடி, ஒனக்கு எப்பிடி வந்துச்சு?”

வியாழக்கிழமை

நாங்கள் இருவரும் சேர்ந்தே போனோம். மதாம் முதலில் அத்தையைப் பார்த்தார், நான் துபாஷி. பிறகு என்னைப் பார்த்தார். அத்தை என் தலைமாட்டில் நின்று, தமிழிலேயே மதாமிடம் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் மூலம்தான். பயப்படும்படி வேறொன்றும் தெரியவில்லை. தண்ணீரும் கீரையும் வெந்நீரில் உட்காருவதும்தான் மருந்து. குறையாவிட்டால் மறுபடி வரவேண்டும் என்றார். அப்பா எதனால் போனாரோ, அதை இனி யாரும் சொல்லப்போவதில்லை. அந்தப் பாதி பயம் என்னோடேதான் இருக்கிறது. குழந்தை முகம் சிவக்க முக்கும்போது இப்போதும் பதறி எழுந்திருக்கிறேன். நான் எழுந்து வருவதற்குள் அத்தை, குழந்தைக்குப் புகட்டும் பாலாடையில் வெதுவெதுப்பான தண்ணீரோடு வந்துவிடுகிறார்கள். நேற்று எனக்கும் ஒரு சொம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே நின்றார்கள்.

“குடிடி. பேத்திக்கு ஒண்ணுன்னா அப்பறம் ஊரு இன்னா சொல்லும் தெரியுமா? ஆத்தா வமுசமா, அப்பன் வமுசமான்னு என்னையும் உங்க அப்பனையும் ஒண்ணா நிக்க வெச்சிக் கேக்கும்!”

ஆக, உடம்பு வாகுக்குக் கொஞ்சம், அடுப்படிக்குக் கொஞ்சம், அளந்து வைத்த தண்ணீருக்குக் கொஞ்சம், மறைவு தேடி அடக்கி வைத்ததற்குக் கொஞ்சம் என்று இந்த மூலத்தை நியாயமாகப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டால், பாவம், அந்த நாத்தனாருக்கு மிஞ்சுவது ஒன்றுமே இல்லை.